உடை உடுத்தாத பாலம்

சென்னை சென்ட்ரலில் ஹௌரா மெயிலில் ஏறினால், ஒரு நாளுக்கும் மேல் உட்கார்ந்து, படுத்து, புரண்டு, கிருஷ்ணா, கோதாவரி, மகாநதி எல்லாவற்றையும் தாண்டி, கடைசியில் ஹௌராவில் இறக்கிவிடுகிறார்கள். 'கல்கத்தா வந்தாச்சு' என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால்தான் தெரியும், இன்னும் வரவில்லை என்று. ஊர் எதிர்க்கரையில் இருக்கிறது. நடுவே ஹூக்ளி ஆறு. ஆற்றின் மேல் அந்தப் பாலம்.

முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கூட வந்த நண்பர் ஒருபடி மேலே போய், "என்ன சார் இது, பாலத்தைக் கட்டி முடிச்சுட்டு சாரத்தைப் பிரிக்காமலே போயிட்டாங்களா?" என்றார்.

இத்தனை வருஷம் கழித்து யோசித்தால், ஹௌரா பாலத்தைப் பற்றி நான் கேட்டதிலேயே சரியான விமர்சனம் அதுதான். அவர் கேலியாகச் சொன்னார். நான் பாராட்டாகச் சொல்கிறேன். அது சாரமேதான். சாரத்துக்குப் பின்னால் வேறு கட்டடம் எதுவும் கிடையாது.

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு எழுதுகிறோம். ஓட்டல் சாம்பாருக்குக்கூட நட்சத்திரம் போடுகிறோம். தினமும் ஒரு லட்சம் வண்டிகளும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் மனிதர்களும் கடந்துபோவதாக மதிப்பிடப்படும் ஒரு பாலத்துக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. 'பிரமாண்டம்' என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டு போட்டோ எடுக்கப் போய்விடுகிறோம். இந்த வாரம் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

*

ஹௌராவிலிருந்து ரயில் ஓட ஆரம்பித்தது 1854ல். ஸ்டேஷன் இந்தக் கரையில், தலைநகரம் அந்தக் கரையில். (அப்போது இந்தியாவுக்கே தலைநகரம் கல்கத்தாதான்.) இருபது வருஷம் படகில் ஏறி இறங்கி அவஸ்தைப்பட்ட பிறகு, 1874ல் ஒரு பாலம் வந்தது. சர் பிராட்ஃபோர்டு லெஸ்லி என்ற இன்ஜினீயர் அமைத்த மிதவைப் பாலம். 1,528 அடி நீளம். பாகங்களை இங்கிலாந்தில் செய்து, கப்பலில் கொண்டுவந்து இங்கே கோத்தார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மார்ச் மாதம் ஒரு புயல். நங்கூரம் அறுந்த 'எஜீரியா' என்ற கப்பல் வந்து மோதி, மிதவைகள் சில மூழ்கின. திரும்பச் சரிசெய்து அக்டோபரில் திறந்தார்கள்.

இதில் ஒரு தொல்லை. கப்பல் போகவேண்டுமென்றால் நடுவில் 200 அடிப் பகுதியை விலக்கி வழிவிட வேண்டும். அதுவரை மாட்டுவண்டி, பல்லக்கு, வக்கீல், கூலிக்காரர், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் எல்லோரும் இரண்டு கரையிலும் காத்துக்கிடக்க வேண்டும். ரயில்வே கேட் மூடியிருக்கும்போது ஸ்கூட்டரை ஆஃப் பண்ணிவிட்டு நிற்கிறீர்களே, அந்த எரிச்சலை ஒரு நகரம் முழுக்க எழுபது வருஷத்துக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

'நாலு தூணை நட்டு உயரமாக ஒரு பாலம் கட்டுவதுதானே?' என்று கேட்பீர்கள். ஹூக்ளி சேறு சுமக்கும் ஆறு. நடுவில் தூண் வைத்தால் நீரோட்டம் தடைப்பட்டு வண்டல் படியும். வண்டல் படிந்தால் கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் கல்கத்தா துறைமுகம் கிடையாது. எனவே முதல் நிபந்தனையே, 'ஆற்றில் கால் வைக்கக் கூடாது' என்பதுதான். இந்த ஒரே நிபந்தனையிலிருந்துதான் இன்றைக்கு நாம் பார்க்கிற உருவம் முழுக்கப் பிறந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் வழக்கம்போல கமிட்டிகள். 1906ல் துறைமுகக் கமிஷனர்கள் ஒன்று போட்டார்கள். 1921ல் சர் ராஜேந்திரநாத் முகர்ஜி தலைமையில் இன்னொன்று. சர் பேசில் மாட் என்ற நிபுணர், ஒரே வளைவாகக் கட்டலாம் என்று யோசனை சொன்னார். 1926ல் சட்டம் வந்தது. 1930ல் மறுபடி ஒரு கமிட்டி. கமிட்டி போட்டுக் காலம் கடத்துவது சுதந்திர இந்தியாவின் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் திருத்திக்கொள்ளவும். கடைசியில் லண்டனிலிருந்த ரென்டல், பாமர் அண்டு டிரிட்டன் கம்பெனி வரைபடம் போட்டுக் கொடுத்தது. டெண்டரில் குறைந்த விலை கேட்டது ஒரு ஜெர்மன் கம்பெனி. ஹிட்லர் காலம், கொடுப்பார்களா? 'கிளீவ்லாண்ட் பிரிட்ஜ்' என்ற பிரிட்டிஷ் கம்பெனிக்குக் கிடைத்தது. 1936ல் வேலை ஆரம்பம். முதல் கமிட்டிக்கும் முதல் மண்வெட்டிக்கும் நடுவில் முப்பது வருஷம்.

*

இப்போது அந்த உருவத்தைப் பார்ப்போம். இந்த வகைக்குப் பெயர் கான்டிலீவர். பயந்துவிடாதீர்கள், வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

ஸ்காட்லாந்தில் ஃபோர்த் பாலத்தைக் கட்டிய பெஞ்சமின் பேக்கர், 1887ல் இதை விளக்க ஓர் அழகான வழி கண்டுபிடித்தார். இரண்டு பேரைத் தள்ளித் தள்ளி நாற்காலியில் உட்காரவைத்தார். இருவரும் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். கை தொய்ந்துவிடாமல் கையிலிருந்து நாற்காலிக்கு முட்டுக்கொடுத்து ஒரு கழி. வெளிப்பக்கக் கைகளில் செங்கல் அடுக்கைக் கட்டிவிட்டார். உள்பக்கக் கைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு பலகையைத் தொங்கவிட்டு, அதில் மூன்றாவது ஆளை உட்காரவைத்தார். உட்கார்ந்தவர் கைச்சி வாதனாபே என்ற ஜப்பானிய இன்ஜினீயர். அந்தரத்தில் ஜாலியாக உட்கார்ந்திருக்கிறார். அந்தப் புகைப்படம் இன்றும் பிரசித்தம். உங்கள் வீட்டில் இரண்டு மைத்துனர்களும், செங்கல்லுக்குப் பதில் இரண்டு அரிசி மூட்டையும் இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம். நடுவில் மட்டும் எடை குறைந்த குழந்தையாக வையுங்கள்.

ஹௌரா பாலம் இதேதான். இரண்டு மைத்துனர்கள் என்பது இரண்டு கோபுரங்கள். ஒவ்வொன்றும் 280 அடி, அதாவது ஏறக்குறைய 25 மாடி. கரைப்பக்கம் நீண்டிருக்கும் கை 325 அடி. அது நிலத்தில் பிடித்துக் கட்டப்பட்டிருக்கிறது, அதுதான் செங்கல் மூட்டை. ஆற்றுப் பக்கம் நீளும் கை 468 அடி. இரண்டு கைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் வாதனாபே 564 அடி. கூட்டிப் பாருங்கள்: 468, 564, 468. மொத்தம் 1,500 அடி, கீழே ஒரு தூண்கூட இல்லாமல். திறந்த காலத்தில் உலகத்தின் மூன்றாவது பெரிய கான்டிலீவர்.

முதல் இடம் கனடாவின் கியூபெக் பாலத்துக்கு. அதன் கதையையும் சொல்லியாக வேண்டும். 1907ல் கட்டும்போதே சரிந்து 75 பேர் செத்தார்கள். திரும்பக் கட்டினார்கள். 1916ல் நடுப்பகுதியைத் தூக்கும்போது அது ஆற்றில் விழுந்து இன்னும் 13 பேர். 1917ல்தான் முடிந்தது. கையை நீட்டிக்கொண்டே போகிற இந்த வித்தையில், எவ்வளவு பாரம் எங்கே போகிறது என்ற கணக்கு ஓர் இடத்தில் பிசகினாலும் மன்னிப்பு கிடையாது. கல்கத்தாவில் கணக்குப் போட்டவர்களுக்கு இது தெரியும்.

அஸ்திவாரத்தைக் கேளுங்கள். நம் ஊரில் உறைக்கிணறு இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். உறையை வைத்து உள்ளே மண்ணைத் தோண்டத் தோண்ட, அது தன் எடையிலேயே கீழே இறங்கும். அதே டெக்னிக். உறையின் அளவுதான் வேறு: 181 அடிக்கு 81 அடி. சென்னைக் கணக்கில் ஆறு கிரவுண்டு! ஆறு கிரவுண்டு கட்டடத்தை, 21 ஓட்டைகள் வழியாக மண்ணெடுத்து, ஒரு கரையில் 100 அடிக்கு மேலும் மறு கரையில் 87 அடி வரையும் இறக்கினார்கள். தோண்டும்போது நங்கூரங்கள், பீரங்கிக் குண்டுகள், பித்தளைப் பாத்திரங்கள், கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து நாணயங்கள் என்று சரித்திரமே மேலே வந்ததாம். ஒரு ராத்திரி உறை திடீரென்று இரண்டடி இறங்கி, அந்த அதிர்ச்சியை கிதர்பூரில் இருந்த நில அதிர்ச்சிக் கருவி பூகம்பமாகப் பதிவு செய்தது என்றும், கரையிலிருந்த ஒரு கோயில் இடிந்து திரும்பக் கட்டித்தந்தார்கள் என்றும் சொல்வார்கள்.

இரண்டு கரையிலிருந்தும் கைகள் வளர்ந்து வந்தன. கிரேன்கள் தாங்கள் கட்டிய பாகத்தின் மீதே ஊர்ந்து ஊர்ந்து அடுத்த பாகத்தைக் கட்டின. நடு ஆற்றில் இரண்டும் சந்திக்கும் இடத்தில், ஒவ்வொன்றும் 800 டன் திறனுள்ள 16 ஹைட்ராலிக் ஜாக்கிகளை வைத்து நகர்த்திப் பொருத்தினார்கள். கல்யாணத்தில் மாலை மாற்றும்போதுகூட இவ்வளவு பொருத்தம் பார்த்திருக்க மாட்டார்கள்.

நடுவில் உலகப்போர். இங்கிலாந்தின் எஃகு எல்லாம் போருக்குப் போய்விட்டது. மொத்தம் தேவைப்பட்ட 26,500 டன்னில் 23,000 டன்னை ஜாம்ஷெட்பூரிலிருந்து டாடா கொடுத்தது. 'டிஸ்க்ராம்' என்று ஒரு தனி ரக எஃகு. வரைபடம் லண்டனுடையது. எஃகு ஜார்க்கண்ட் மண்ணுடையது. (அப்போது பீகார்.) வெட்டி, வளைத்து, ஆணியடித்தது கல்கத்தாவின் பட்டறைகள்.

1943 பிப்ரவரி 3. உலகத்தின் மூன்றாவது பெரிய கான்டிலீவர் பாலம் திறக்கப்படுகிறது. கவர்னர் வந்தாரா, ரிப்பன் வெட்டினாரா, பேண்டு வாத்தியம் உண்டா? எதுவும் இல்லை. டிசம்பரில்தான் ஜப்பான் விமானங்கள் கல்கத்தாவில் குண்டு போட்டிருந்தன. அதனால் ராத்திரியில், சத்தம் போடாமல், ஒற்றை டிராம் வண்டியை ஓட்டிப் பாலத்தைத் திறந்துவிட்டார்கள். ஒரு பெரிய சாதனைக்கு இதைவிட அடக்கமான திறப்பு விழாவை நான் கேள்விப்பட்டதில்லை.

அதே 1943தான் வங்காளப் பஞ்சம். செத்தவர்கள் 20 லட்சம் என்றும் 30 லட்சத்துக்கும் மேல் என்றும் மதிப்பீடுகள். இவ்வளவு எஃகைக் கணக்குத் தவறாமல் அந்தரத்தில் நிறுத்தத் தெரிந்த ஆட்சிக்கு, அரிசியைக் கணக்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியவில்லை, அல்லது மனசில்லை. இந்தப் பாலத்தைப் புகழ்கிற யாரும் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

*

இனி விமர்சனம்.

பாலம் என்றதும் உலகம் முழுக்க காலண்டரில் வருவது லண்டன் டவர் பிரிட்ஜ். 1894ல் திறந்தது. பார்த்தால் ராஜா காலத்துக் கோட்டை மாதிரி இருக்கும். கற்கோபுரம், கூரான உச்சி, ஜன்னல்கள். உண்மையில் உள்ளே இருப்பது எஃகு எலும்புக்கூடு. பாரம் முழுக்க அதன் மேல்தான். கல் வெறும் போர்வை. பக்கத்தில் பழைய லண்டன் கோட்டை இருப்பதால் அதற்குப் பொருத்தமாக இருக்கவேண்டும் என்று போர்த்திவிட்டார்கள். அந்தக் காலத்திலேயே கட்டடக்கலை விமர்சகர்கள் இதைப் போலி என்று கிழித்தார்கள். ஜனங்கள் சட்டை செய்யவில்லை, ரசித்தார்கள், இன்றும் ரசிக்கிறார்கள். எனக்கும் பிடிக்கும், ஆனால் மாறுவேஷப் போட்டியில் நன்றாக வேஷம் போட்ட குழந்தையைப் பிடிப்பது மாதிரி.

கல்கத்தாவிலேயே போர்வைக்குப் பஞ்சமில்லை. 1921ல் திறந்த விக்டோரியா மெமோரியல் மக்ரானா சலவைக்கல்லில் ஜொலிக்கிறது. அதைக் கட்டிய மார்ட்டின் கம்பெனி, பாலத்துக்குக் கமிட்டித் தலைவராக இருந்த அதே ராஜேந்திரநாத் முகர்ஜியுடைய கம்பெனிதான். ராணிக்கு நினைவுச் சின்னம் என்றால் சலவைக்கல். ஜனங்கள் நடக்கும் பாலம் என்றால் எஃகு போதும். அந்த அலட்சியம் நமக்கு அதிர்ஷ்டமாகப் போயிற்று.

ஹௌரா பாலத்தில் அலங்காரம் என்று ஒன்றும் கண்ணில் படாது. சிங்கம் இல்லை, கிரீடம் இல்லை, தூணில் தாமரை இல்லை. ஒவ்வொரு உறுப்பும் ஒரு வேலை செய்கிறது, அந்த வேலையை வெளியே காட்டிக்கொண்டே செய்கிறது. கோபுரத்துக்குப் பக்கத்தில் எஃகு அடர்த்தியாக இருக்கிறது, பாரம் அங்கே அதிகம் என்பதால். நடுவில் போகப் போக மெலிகிறது, அங்கே கனத்தைக் குறைக்க வேண்டும் என்பதால். கீழே 39 ஜோடி எஃகுத் தண்டுகளில் சாலை தொங்குகிறது. ஆமாம், நீங்கள் நடப்பது ஊஞ்சல் பலகையில்! ஆற்றில் கால் வைக்கக் கூடாது என்ற அந்த ஒரே நிபந்தனையை நினைவு வைத்திருக்கிறீர்களா? பாலத்தின் மொத்த வடிவமும் அந்தக் கேள்விக்கு எழுதிய பதில். ஓர் ஓவியர் வந்து 'இங்கே கொஞ்சம் வளைவாக இருந்தால் நன்றாயிருக்கும்' என்று சொன்ன இடமாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு மலை உச்சிகளும் நடுவில் ஒரு பள்ளத்தாக்குமாக அழகாகத்தான் இருக்கிறது.

'நட்டு போல்ட்டே இல்லாமல் கட்டிய அதிசயம்' என்று கைடுகள் சொல்வார்கள். செல்போன் ஃபார்வர்டுகளில் 'முன்னோர் ரகசியம்' ரேஞ்சுக்குப் போய்விட்டது. போல்ட்டுக்குப் பதில் ரிவெட் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பழுக்கக் காய்ச்சிய ஆணியை ஓட்டையில் செருகி மறுமுனையை அடித்துச் சப்பையாக்கினால் அது ரிவெட். அந்தக் காலத்துப் பெரிய எஃகுப் பாலங்களில் அதுதான் வழக்கம். அதிசயம் ஆணியில் இல்லை. மிதவைப் பாலத்தையும் கப்பல்களையும் நிறுத்தாமல், போர்க்காலத்தில், உள்ளூர் எஃகில், இரண்டு கைகளை நடு ஆற்றில் சேர்த்ததில் இருக்கிறது.

இன்னொரு நல்ல விஷயம், நடைபாதை. இரண்டு பக்கமும் 15 அடி அகலம். 1946ல் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். ஒரு நாளைக்கு 27,400 வண்டிகள், 1,21,100 பாதசாரிகள், 2,997 மாடுகள். மாடுகளைக்கூட ஒன்று விடாமல் எண்ணியிருக்கிறார்கள் பாருங்கள்! ஒரு வண்டிக்கு நாலு மனுஷன் நடந்திருக்கிறான். பாலம் யாருக்காக என்று தெரிந்து கட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு நம் மேம்பாலங்களில் நடைபாதை எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பாலத்தில் தலையில் பூக்கூடை சுமப்பவரும் ஆபீஸ் பையோடு ஓடுபவரும் உரசாமல் போக இடமுண்டு. கிழக்கு முனையில் இறங்கினால் மல்லிக் காட் பூ மார்க்கெட். மஞ்சள் செண்டுமல்லி மலைமலையாக. இவ்வளவு கடுமையான எஃகுக்கடியில் இவ்வளவு பூவை வைத்தது எந்த டிசைனரும் இல்லை.

குறைகளும் உண்டு. பாலத்தின் மேல் நடக்கும்போது பாலம் தெரியாது. சுற்றிலும் இரும்புக் காடுதான் தெரியும். அழகைப் பார்க்க வேண்டுமென்றால் கீழே ஹௌரா படித்துறையில் லாஞ்ச் ஏறி ஆற்றில் போக வேண்டும். சில ரூபாய் டிக்கெட். பால்கனி சீட் அதுதான்.

இரண்டாவது குறை டிராம். முதல் ராத்திரி தனியாக வந்து பாலத்தைத் திறந்துவைத்த டிராமை, பாரம் தாங்காது என்று 1993ல் நிறுத்திவிட்டார்கள். முந்தின வருஷம்தான், 1992ல், கொஞ்சம் தள்ளி வித்யாசாகர் பாலம் வந்திருந்தது. அது கேபிளில் தொங்கும் புதுரகம். ஆனால் நடு நீளம் அதே 457 மீட்டர், அதாவது 1,500 அடி! தம்பி அண்ணனுடைய சட்டை சைஸிலேயே பிறந்திருக்கிறான்.

மூன்றாவதுதான் விசித்திரம். லண்டனில் உட்கார்ந்து வரைந்தவர்கள் காற்றைக் கணக்கில் எடுத்தார்கள், வெயிலில் எஃகு நீளுவதை எடுத்தார்கள். ஒன்றை விட்டுவிட்டார்கள். வெற்றிலை. சாலையைத் தாங்கும் அந்த எஃகுத் தண்டுகளின் அடிப்பாகம், நடந்துபோகிறவருக்கு வாகாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பானும் குட்காவும் மென்றவர்களுக்கு அதைவிட வசதியான மூலை எங்கே கிடைக்கும்? 2011ல் துறைமுக அதிகாரிகள் அளந்து பார்த்தார்கள். அடிப்பாகத்தை மூடியிருக்கும் தகடு 6 மில்லிமீட்டர் இருந்தது, நாலே வருஷத்தில் 3 மில்லிமீட்டருக்கும் கீழே போயிருந்தது. எச்சில் தின்றிருக்கிறது! கடைசியில் ஃபைபர் கிளாஸ் உறை போட்டு மூடினார்கள். ஜப்பான் குண்டுக்குத் தப்பிய பாலத்தைச் சுண்ணாம்பு வெற்றிலையிடமிருந்து காப்பாற்ற வேண்டியதாயிற்று.

*

இதை ஏன் இவ்வளவு தூரம் சொல்கிறேன் என்றால், நமக்குப் போர்வை மேல் இருக்கிற ஆசைக்காக.

2020 ஜனவரியில் ஹௌரா பாலத்துக்கு வண்ண விளக்குகள் போட்டார்கள். ராத்திரியில் ஊதா, பச்சை, ஆரஞ்சு என்று நிறம் மாறுகிறது. இசையும் உண்டு. அழகாக இல்லை என்று சொல்லமாட்டேன். செல்ஃபி நன்றாக வருகிறது. ஆனால் விளக்கு எரியும்போது எது எதைத் தாங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. கோபுரமும் ஊதா, தொங்கும் தண்டும் ஊதா. எலும்பைக் காட்டிக்கொண்டு நின்ற பாலத்துக்கு ஒரு நைலான் சேலை சுற்றின மாதிரி. வெளிச்சம் போடுவதென்றால் உறுப்புகள் தெரிகிற மாதிரி ஒரே வெள்ளையில் போட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

விளக்கினால் பாலம் விழுந்துவிடாது. போர்வையோடு போதும் என்று நினைக்கும் மனசுதான் ஆபத்து. குஜராத்தில் மோர்பி என்ற ஊரில் மச்சு ஆற்றின் மேல் ஒரு பழைய தொங்கு பாலம் இருந்தது. புதுப்பிக்கிறேன் என்று அலுமினியத்தில் தரை மாற்றினார்கள், பளிச்சென்று ஆக்கினார்கள், 2022 அக்டோபர் 26ல் திறந்தார்கள். பாலத்தைத் தாங்கிய கேபிளை மாற்றவில்லை. நாலே நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அறுந்து விழுந்தது. 135 பேர். விசாரணைக் குழு எண்ணிப் பார்த்தது: கேபிளில் இருந்த 49 கம்பிகளில் 22 முன்னாடியே அரித்துப் போயிருந்தன. புதுத் தரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்காது. தெரியும்படி யாரும் வைக்கவில்லை.

ஹௌரா பாலத்தின் பெரிய நல்ல குணம் என்று நான் நினைப்பது இதைத்தான். அது எதையும் மறைக்கவில்லை. துருப்பிடித்தால் தெரியும். எச்சில் துப்பினால் தெரியும். 2005ல் ஒரு சரக்குக் கப்பல் அடியில் மாட்டிக்கொண்டு உரசினபோது, எந்த உறுப்பு அடிபட்டது என்று பார்க்க முடிந்தது. உடம்பைக் காட்டுகிற நோயாளிக்குத்தான் வைத்தியம் பண்ண முடியும். கோட்டு சூட்டைக் கழற்ற மாட்டேன் என்கிறவரை டாக்டர் என்ன செய்வார்?

இதற்கு அடையாளமாக ஒரு சம்பவம். 2024 நவம்பரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி 11.30 மணிக்கு ஹௌரா பாலத்தை மூடினார்கள். கலவரம் இல்லை, வி.ஐ.பி. இல்லை. பாலத்துக்கு உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று பரிசோதிக்க ஐந்து மணி நேரம் லீவு. பத்திரிகையில் உள்பக்கச் செய்தி. எனக்கு அது முதல் பக்கச் செய்தி. ராத்திரியில் ஓசையில்லாமல் திறந்த பாலத்தை, ராத்திரியில் ஓசையில்லாமல் சோதித்தார்கள். விளக்குத் திறப்பு விழாவுக்கு வருகிற கூட்டம் இதற்கு வராது. ஆனால் 80 வயசைத் தாண்டின ஒருவர் இன்றும் தினமும் வேலைக்குப் போகிறாரென்றால் காரணம் இந்த ஐந்து மணி நேரங்கள்தான்.

1965ல் இதற்கு ரவீந்திர சேது என்று தாகூர் பெயரை வைத்தார்கள். தாகூர் மேல் உயிரையே வைத்திருக்கும் ஊர். ஆனால் பஸ் கண்டக்டர் முதல் பூக்காரர் வரை எல்லோருக்கும் அது ஹௌரா பிரிட்ஜ்தான். பெயர்ப் போர்வையும் ஒட்டவில்லை!

2024 மார்ச்சிலிருந்து ஹூக்ளிக்கு அடியிலேயே மெட்ரோ ரயில் ஓடுகிறது. ஆற்றைக் கடக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. குளுகுளு ஏ.சி., ஜன்னலில் நீல விளக்கு. அடுத்த முறை ஹௌராவில் இறங்கினால் உங்களுக்கும் அதில் போகத்தான் தோன்றும். தப்பில்லை. திரும்பி வரும்போது மட்டும் நடந்து வாருங்கள். பெட்டி கனமாக இருந்தாலும் பரவாயில்லை, 15 அடி நடைபாதை இருக்கிறது. நடுவில் வந்ததும் ஓரமாக நின்று ஒரு தண்டைத் தொட்டுப் பாருங்கள். வண்டி போகும்போது லேசாக அதிர்வது கையில் தெரிந்தாலும் தெரியலாம். உங்கள் எடை அதன் வழியாக மேலே ஏறி, கையில் போய், கோபுரத்தில் இறங்கி, ஆறு கிரவுண்டு உறையில் போய்ச் சேர்கிறது.

துப்ப மட்டும் துப்பாதீர்கள்.